சாமைத்தாள் போர்த்திய கார்

"கரண்டப் பத்திப் பரிச்ச எழுதுனா வண்டி ஸ்டார்ட் ஆயிடுமா பாப்பா? எங்க, எழுதிக் காட்டு பாக்கலாம்."

இதைச் சொன்னவர் மலைமேல் இருக்கும் எங்கள் ஊரில் வேன் ஓட்டும் மாமா. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். கையில் டீ கிளாஸோடு எங்கள் காரின் கதவில் சாய்ந்துகொண்டு நிதானமாகச் சொன்னார். நான் பானட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு உள்ளே குனிந்து எதையோ தேடுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையில் எதைத் தேட வேண்டும் என்றே எனக்குத் தெரியாது.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. திருப்பத்தூரில் இயற்பியல் படித்துப் பட்டம் வாங்கியிருந்தேன். மின்னோட்டம், மின்தடை பற்றியெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். ஆனால் ஸ்பானரைக் கையில் பிடித்தது அன்றைக்குத்தான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். அப்பா கையெழுத்துப் போடுவார். அது நான் ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போது சிலேட்டில் சொல்லிக்கொடுத்தது. அம்மாவுக்கும் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். "கைநாட்டு வெச்சா இன்னா? வெரலு என்னுதுதானே" என்று எழுந்து போய்விட்டாள்.

கார் வந்தது புளி நன்றாகக் காய்த்த ஒரு வருடத்தில். வெள்ளை நிறம், பெட்ரோல் வண்டி, யாரோ ஓட்டித் தேய்த்தது. அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. கல்லூரியில் படிக்கும்போதே நான் லைசென்ஸ் எடுத்திருந்ததால் ஓட்டுவது என் வேலை. பின்சீட்டின் பாதியை மடித்துவிட்டால் சாமை அரிசி மூட்டை, புளிக் கூடை, தேன் பாட்டில், பருவத்தில் பலா, சீத்தா எல்லாம் ஏறிவிடும். மீதி இடத்தில் அம்மா உட்காருவாள். ஆலங்காயத்துச் சந்தைக்கு இறங்குவோம்.

அதற்கு முன்னால் பஸ்தான். மூட்டையைப் பார்த்ததும் கண்டக்டர் முகம் மாறும். கெஞ்சி ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் சந்தையில் நல்ல இடமெல்லாம் போயிருக்கும். அம்மா வெயிலில், ஆட்டுப் புழுக்கைக்குப் பக்கத்தில் சாக்கு விரிப்பாள். கார் வந்த பிறகு முதல் ஆளாகப் போனோம். நுழைவாயிலை ஒட்டி, மதில் நிழலில் ஓர் இடம் கிடைத்தது. யாரும் எழுதிக் கொடுத்த இடமில்லை. வாராவாரம் நேரத்தோடு வந்து உட்கார்ந்தால் அது உன் இடம், ஒரு வாரம் வராவிட்டால் இன்னொருவர் இடம். அவ்வளவுதான் சட்டம். கொஞ்ச நாளில் "மலையக்கா வந்துட்டாங்களா" என்று கேட்டு வரும் பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். அம்மா சந்தைக்குக் கிளம்பும் நாளில் வீட்டுக்குள் அவள் நடையே வேறு மாதிரி இருக்கும்.

ஆகவே மாமா சாய்ந்து நின்றது வெறும் காரின்மேல் அல்ல. அம்மாவின் கடைமேல்.

அன்றைக்குச் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. மறுபடி திருப்பினேன், மறுபடி டிக். என்ன செய்வது என்று தெரியாதபோது தெரிந்ததில் இருந்து தொடங்கலாம் என்று தோன்றியது. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, அம்மாவை எதிரே நிற்கச் சொன்னேன்.

"வெளக்கு எரியுதா?"

"கண்ணு கூசுது."

சாவியைத் திருப்பினேன்.

"இப்ப?"

"பொட்டுனு பூட்ச்சி."

இறங்கி வந்தேன். மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. விளக்கு நன்றாக எரிகிறது என்றால் பாட்டரியில் உயிர் இருக்கிறது. ஸ்டார்ட்டரைக் கேட்டதும் எல்லாம் செத்துவிடுகிறது என்றால் பெரிய மின்சாரம் போகிற வழியில் எங்கோ அடைப்பு. பாட்டரியின் இரண்டு முனைகளையும் பார்த்தேன். பழைய பித்தளைச் சொம்பில் பூக்குமே, அப்படிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது.

மாமாவிடம் விளக்கினேன். "ஒத்தையடிப் பாதையில ஆளு போலாம் மாமா. லாரி போவ முடியுமா? அது மாரி வெளக்குக்குப் போற கரண்டு போவுது, ஸ்டார்ட்டருக்குப் போற கரண்டு போவல."

"அப்ப ரோடு போடு" என்றார் மாமா.

ரோடு போட்டது அம்மா. பச்சையைப் பார்த்ததும் அவள் உள்ளே போய் ஒரு உருண்டை புளியோடு வந்தாள். "குத்துவெளக்கே பளபளன்னு ஆவுது. இது ஆவாதா?" என்றாள். எங்கள் மலையில் புளிக்குப் பஞ்சமில்லை. பித்தளையோ செம்போ, கறுத்தால் புளிதான். எனக்கும் சரியென்றே பட்டது. கறுப்பு வயரை முதலிலும் சிவப்பை அடுத்தும் கழற்றினேன். அந்த வரிசை மட்டும் வண்டியோடு வந்த புத்தகத்தில் படித்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து தேய்த்தோம். முனைகள் கல்யாண வீட்டுக் குத்துவிளக்குபோல மின்னின. இறுக்கிப் பூட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். கார் கிளம்பியது.

மாமா டீயை முடித்துவிட்டு, கிளாஸைக் கவிழ்த்து உதறினார். "புளிக்குத்தான் ஓடுது. பரிச்சைக்கு இல்ல."

அடுத்த வாரமே மறுபடி டிக். திறந்து பார்த்தால் முன்பைவிட இரண்டு மடங்கு பூத்திருந்தது. ஆலங்காயத்தில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் உண்டு. பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் போனில் கேட்கலாம் என்றால் எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காது. மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பாறைமேல் ஏறி நின்றால்தான் கிடைக்கும். ஏறினேன். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"உள்ள இருக்கறதே ஆசிட்டுமா. நீ மேலயும் புளிய ஊத்தி ரசம் வெச்சிட்டியா?"

"இப்ப இன்னா பண்றது பாய்?"

"வுட்டா தாளிச்சும் கொட்டுவ போலக்கீதே. சுடுதண்ணில ஆப்ப சோடா கலந்து கழுவு. நல்லாத் தொட. காஞ்சதும் மாட்டிட்டு, மேல கொஞ்சம் வாசலின் தடவு. புளிய கொழம்புக்கு வெச்சிக்கோ."

பாறையிலிருந்து இறங்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் நுரைத்துக்கொண்டு கரையும் அந்தப் பச்சையைப் பார்த்தபோது வெட்கம் போய்விட்டது. அமிலமும் காரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒன்பதாம் வகுப்பில் எழுதியிருக்கிறேன். நுரை வரும் என்றும் எழுதியிருக்கிறேன். அந்த நுரை அம்மாவின் கடையைக் காப்பாற்றும் என்று யாரும் எழுதச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு காருக்கு ஏதாவது ஒன்றென்றால் நானே பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கண்ணாடி துடைக்கும் வைப்பர் பாதியில் நின்றது, பார்த்தேன். ஒரு பக்க இண்டிகேட்டர் மட்டும் அவசரமாகத் துடித்தது. அந்தப் பக்கம் ஒரு பல்பு போய்விட்டால் மிச்சமிருப்பது அப்படித் துடிக்கும் என்று தெரிந்துகொண்டேன். ஒருமுறை நல்ல மழையில் மலைப்பாதையில் இறங்கும்போது ஹாரனுக்குள் தண்ணீர் போய், கையை எடுத்த பிறகும் அது நிற்காமல் அலறியது. வளைவுக்கு வளைவு எதிரே வந்த வண்டியெல்லாம் ஓரம் கட்டி வழிவிட்டன. ஒரு லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, "இன்னாம்மா, மந்திரி வர்றாரா?" என்றார். பின்சீட்டில் அம்மா முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். அகலமான ஓர் இடத்தில் நிறுத்தி, ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, மூடியில் போட்டிருந்த படத்தைப் பார்த்து, ஹாரனுக்கு உரிய ஃபியூஸைப் பிடுங்கினேன். மலை சட்டென்று அமைதியானது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபியூஸ், வழியில் எங்காவது தப்பு நடந்தால் வண்டி பற்றிக்கொள்ளாமல் அது தன்னையே எரித்துக்கொள்ளும் என்பதை அன்றைக்குத்தான் கையால் தொட்டுப் படித்தேன். அதன் பிறகு இரண்டு ஃபியூஸ்களை எப்போதும் மிச்சமாக வாங்கி வைத்திருந்தேன்.

மார்கழி வந்தது. எங்கள் ஊரில் மார்கழிப் பனி என்றால் காலையில் கார் கண்ணாடியில் தண்ணீர் வழியும், தகரத்தைத் தொட்டால் விரல் மரத்துப்போகும். சாமை அடித்து முடித்து, களத்து ஓரத்தில் அதன் தாள் வைக்கோலாகக் குவிந்து கிடந்தது. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் கார் இல்லை. அது நின்ற இடத்தில் ஒரு வைக்கோல் போர் நின்றது.

"இன்னாப்பா இது?"

அப்பா பெருமையோடு நின்றுகொண்டிருந்தார். "மாட்டுக்குக் குளுருது, சாக்கு போடறோம். ஆட்டுக்குக் குளுருது, தட்டி கட்டறோம். வண்டிக்குக் குளுராதா? காலையில அது எந்திரிக்க எவ்ளோ செரமப்படுது பாத்தேன்."

பானட்டின்மேல் கனமாகச் சாமைத்தாள், அதன்மேல் சாக்கு, காற்றில் பறக்காமல் இருக்க இரண்டு கல். மாட்டைப் பார்த்துக்கொள்கிற மனிதர் காரைப் பார்த்துக்கொள்வதும் அப்படித்தான். தினமும் பொழுது சாயும்போது போர்த்துவார், காலையில் எடுத்துத் தட்டிப் பக்கத்தில் குவித்து வைப்பார். எனக்கும் அது பிடித்திருந்தது. பானட்டைத் தொட்டால் உண்மையிலேயே அவ்வளவு குளிர்ந்திருக்காது.

தை பிறந்து சில வாரம் கழித்து ஒரு சந்தை நாள். மூட்டைகளை ஏற்றிவிட்டோம். அம்மா பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் பலமாகச் சுற்றியது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி சுற்றியது, பிடிக்கவில்லை. பாட்டரி நன்றாக இருக்கிறது என்பது அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது. வேறு என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது அம்மா பின்னாலிருந்து சொன்னாள்:

"இன்னிக்கி இது மொனவலியே."

"எது?"

"நீ சாவி போட்டதும் என் சீட்டுக்கு அடியில தேனீ மாரி ஒரு சத்தம் வரும். தெனம் வரும். இன்னிக்கி வரல."

அது பெட்ரோல் பம்பு. டாங்கியிலிருந்து பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளுகிற சின்ன மோட்டார். முன்சீட்டில் உட்காரும் எனக்கு அது கேட்டதே இல்லை. பானட்டைத் திறந்து பம்பின் ஃபியூஸைப் பிடுங்கினேன். நடுவில் இருக்கும் கம்பி கருகி அறுந்திருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் கையிருப்பில் இருந்த புதிய ஃபியூஸைச் செருகினேன். பட் என்று போய்விட்டது. சாவியைக்கூடத் தொடவில்லை. இரண்டாவதையும் செருகினேன். அதுவும் பட்.

அதற்குமேல் நேரமில்லை. மூட்டைகள் மாமாவின் வேனில் ஏறின. வழியில் நின்று நின்று ஆட்களை ஏற்றிப் போகும் வேன் அது; அவர் பிழைப்பு அப்படி. அம்மா சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது மதில் நிழலில் ஒரு வெங்காயக்காரர் தார்ப்பாய் விரித்திருந்தார். அம்மா பழைய இடத்தில், வெயிலில் போய் உட்கார்ந்தாளாம். பாதிச் சாமையோடு திரும்பி வந்தாள்.

சாப்பிடும்போது அப்பா பேசினார். "நிக்கற வண்டிய வெச்சிக்கினு இன்னா பண்றது? மாமன் ஒரு ஆளு சொல்றான். திருப்பத்தூர்ல பழைய வண்டி வாங்கறவராம். நாளைக்குச் சாயங்காலம் வரச் சொல்லிட்டேன்."

"ஒருநாள் நின்னதுக்கா விக்கறது?"

"இன்னிக்கி ஒருநாளு. இந்தச் சந்தைக்கு நின்னது அடுத்த சந்தைக்கு நிக்காதுன்னு எழுதிக் குடுப்பியா? உங்கம்மா வெயில்ல குந்திக்கினு இருந்தா பாப்பா."

அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார் போனால் திரும்பவும் பஸ், கண்டக்டரிடம் கெஞ்சல், ஆட்டுப் புழுக்கை. வெங்காயக்காரர் ஒரு வாரம் உட்கார்ந்திருக்கிறார்; இன்னும் ஒரு வாரம் விட்டால் அது அவர் இடம். மூன்று பேருக்கும் இது தெரியும்.

காலையில் பாறைமேல் ஏறி பாயைக் கூப்பிட்டேன். "புது ஃபியூஸும் போவுதுன்னா எங்கியோ வயரு பாடில தொடுதுமா. போன்ல நான் இன்னாத்த தேடறது? டிராக்டர்ல கட்டி இறக்கிக் கொண்டா, பாக்கறேன்" என்றார். மலைப்பாதையில் அத்தனை வளைவிலும் கயிறு கட்டி இழுத்து இறக்க முதலில் டிராக்டரும் ஆளும் தேட வேண்டும். அதற்குள் சாயங்காலமும் வந்துவிடும்.

பாறையிலேயே உட்கார்ந்து யோசித்தேன். எங்கே தொடுகிறது என்று தெரிய வேண்டும். ஃபியூஸ் போட்டால் ஒரு நொடியில் எரிந்துவிடுகிறது, அந்த ஒரு நொடியில் எதையும் தேட முடியாது. அந்த அளவில் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று, செல்போன் சார்ஜர் போடும் துளைக்கு உரிய ஃபியூஸ். அதையும் எரித்துவிட்டால் கதை முடிந்தது. எரிந்துபோகாத ஃபியூஸ் ஒன்று இருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்தேன். நினைத்த உடனே எழுந்துவிட்டேன். எரிவதற்கென்றே செய்த பொருள் ஒன்று இருக்கிறதே, பல்பு.

கல்லூரி ஆய்வகத்தில் மின்சுற்றுக்கு நடுவில் பல்பை வைத்து எத்தனையோ தடவை மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். கீழே ஓடினேன். பின்பக்க இண்டிகேட்டர் பல்பை ஹோல்டரோடு கழற்றி, இரண்டு வயர் இழுத்து, ஃபியூஸ் இருக்க வேண்டிய இரண்டு துளைகளில் செருகினேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. அதாவது மின்சாரம் பம்புக்குப் போகாமல் குறுக்கு வழியில் எங்கோ தரையிறங்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் குறுக்கு வழி அடைபட்டால் பல்பு அணையும்.

"ம்மா, இந்த பல்பப் பாத்துக்கினே இரு. நான் ஒவ்வொரு வயரா அசைக்கறேன். மங்குனா சொல்லு."

அம்மா மடியில் பல்பை வைத்துக்கொண்டு, அடைகாக்கும் கோழிபோலக் காரின் முன்னால் முக்காலியில் உட்கார்ந்தாள். நான் கையை விட்டு வயர்க் கட்டைத் தடவித் தடவி அசைத்தேன்.

"எரியுது."

கொஞ்சம் தள்ளி.

"எரியுது."

"இப்ப?"

"எரியுதுன்னா எரியுது. நல்லா இருக்கறதைப் போயி ஏண்டி அசைக்கற? நல்லா இல்லாததை அசை."

"எது நல்லா இல்லன்னுதானே தேடறேன்?"

பக்கத்தில் நின்ற அப்பா சிரித்துவிட்டார். விற்பதென்று முடிவு செய்துவிட்டவர் அதுவரை கொட்டகைப் பக்கம் ஏதோ வேலை இருப்பதுபோல நடந்துகொண்டிருந்தார். இப்போது வந்து அம்மாவுக்குப் பின்னால் நின்று அவரும் பல்பைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால், கை நுழையாத ஒரு மூலை. இரண்டு விரலை மட்டும் விட்டு வயரை நெம்பினேன்.

"மங்குது" என்றாள் அம்மா.

"அணைஞ்சிட்ச்சி" என்றார் அப்பா.

விட்டேன். "எரியுது" என்றார்கள் இரண்டு பேரும் ஒன்றாக.

பாட்டரியின் கறுப்பு வயரைக் கழற்றிவிட்டு, ஃபியூஸ் பெட்டியின் திருகுகளைத் தளர்த்தி மெல்ல நகர்த்தினேன். அந்த மூலையில் ஒரு வீடு இருந்தது. சாமைத்தாளைப் பொடிப்பொடியாகக் கடித்து, உருண்டையாகச் சுற்றி, நடுவில் அம்மாவின் பழைய புடவைக் கிழிசலை மெத்தையாகப் போட்டு, ஓரத்தில் உமியைக் குவித்து வைத்திருந்த அழகான வீடு. வீட்டுக்காரர் இல்லை. வீட்டை ஒட்டிப் போன சிவப்பு வயரின் தோலை மட்டும் வாழைப்பழம்போல உரித்துத் தின்றிருந்தார். உள்ளிருந்த செம்பு தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

தாளில் ஒட்டிக்கொண்டிருந்த சாமைக்கு எலி வந்திருக்கிறது, சூடான எஞ்சினைக் கண்டதும் இங்கேயே தங்கிவிட்டது. எனக்குப் புரிந்தது, அப்பாவுக்கும் புரிந்தது. அப்பா குனிந்து அந்த உருண்டையை எடுத்து, ஒரு தாளை உருவி, விரலில் நசுக்கிப் பார்த்தார்.

"நம்ம களத்துத் தாளுதான்" என்றார். பிறகு, "நான் வண்டிக்குப் போர்வ போத்துனேன்னு பாத்தா, எலிக்கு வூடு கட்டித் தந்திருக்கேன்."

"குளுருக்கு எலி இன்னா பண்ணும்?" என்றாள் அம்மா. "அதுக்கும் ஒரு வூடு வேணும்தானே."

"என் வண்டியிலயா?"

விற்கப் போகிற வண்டியை அவர் 'என் வண்டி' என்று சொன்னதை நான் கவனித்தேன். கடிபட்ட துண்டை வெட்டி, வேறு வயர் சேர்த்து முறுக்கி, கறுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தேன். அதற்குள் சாயங்காலமாகி, மாமாவின் வேன் வந்து நின்றது. திருப்பத்தூர்க்காரர் இறங்கினார். வெள்ளைச் சட்டை, நல்ல செருப்பு, எதையும் தொடாமல் பார்க்கிற கண்.

"ஓடாத வண்டின்னீங்களே" என்றார் மாமாவிடம்.

"ஓடாதுங்க. பாப்பா சும்மா பிரிச்சிப் பாக்குது" என்றார் மாமா.

சார்ஜர் துளையின் ஃபியூஸை எடுத்துப் பம்பின் இடத்தில் வைத்தேன். அதுதான் கடைசி. கறுப்பு வயரைப் பூட்டினேன். ஃபியூஸைப் பார்த்தேன், கருகவில்லை. அம்மா யாரும் சொல்லாமலேயே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். சாவியைப் பாதி திருப்பினேன்.

"மொனவுது" என்றாள்.

மீதியையும் திருப்பினேன். கார் கிளம்பியது. வாசலில் மேய்ந்த கோழிகள் சிதறின.

திருப்பத்தூர்க்காரர் காரைச் சுற்றி வந்தார். எஞ்சின் சத்தத்தைக் கேட்டார். மாமாவிடம் முதலில் சொல்லியிருந்த விலையைவிட நல்ல விலையாகவே கேட்டார். நான் எதிர்பார்க்காதது அது. ஓட வைத்தால் கார் தங்கும் என்று நினைத்தேன். ஓட வைத்ததாலேயே இன்னும் நல்ல விலைக்குப் போய்விடும்போல இருந்தது. அப்பா அவரையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பின்சீட்டுக் கதவருகில் போனார். அம்மா இன்னும் இறங்கவில்லை.

"ஏம்மே, நீ இன்னா சொல்ற?"

அம்மா நேராக முன்னால் பார்த்தபடி சொன்னாள். "அடுத்த சந்தைக்கு நேரத்தோட போவணும். வெங்காயக்காரன் வர்றதுக்கு முன்ன. எதுல போறதுன்னு நீயே சொல்லு."

அப்பா திரும்பி வந்தார். "மன்னிச்சிக்கோங்க. வண்டி குடுக்கறதா இல்ல. இவ்ளோ தூரம் வந்துட்டீங்க, சாமைச்சோறு கீது, சாப்ட்டுப் போங்க."

"நல்லா இருக்குங்க உங்க நாயம். ஓடலன்னா குடுக்கறேங்கறீங்க, ஓடுனா இல்லங்கறீங்க. நாங்க எப்பதான் வண்டி வாங்கறது?" என்றார் அவர். ஆனால் உட்கார்ந்து சாப்பிட்டார், இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்.

மாமா மட்டும் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. "இது எலி பண்ண வேல. வண்டிக் கோளாறுன்றது வேற" என்றார், மோர் ஊற்றிக்கொண்டே.

அடுத்த சந்தைக்கு நாங்கள் போனபோது பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. அம்மா மதில் நிழலில், நிழலே வராத நேரத்தில், சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டாள். வெங்காயக்காரர் வந்து பார்த்தார். சிரித்துக்கொண்டு பக்கத்தில் தார்ப்பாயை விரித்தார். அப்பா இப்போது காருக்கு வெறும் சாக்கு மட்டும் போர்த்துகிறார். தாளை மாட்டுக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்.

அந்தச் சந்தை நாளிலேயே காரை பாயிடம் காட்டினேன். நான் முறுக்கிய வயரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஈயம் வைத்துப் பற்றவைத்தார். "இடம் சரியாக் கண்டுபுடிச்சிட்ட. முறுக்கு நாலு நாள் தாங்கும், ஈயம் நாலு வருசம் தாங்கும்" என்றார். அது உண்மை. பல்பு வைத்து ஒரு தவறைத் தேட எனக்குத் தெரியும். ஈயம் வைக்கத் தெரியாது. ஆல்டர்னேட்டர் மின்சாரம் தருகிறது என்று தெரியும், அதைப் பிரித்தால் உள்ளே எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாது. எங்கள் மலையில் இப்போது கார்களும் ஆட்டோக்களும் வந்துகொண்டே இருக்கின்றன. ஒன்று நின்றால் கயிறு கட்டிக் கீழேதான் இறக்க வேண்டியிருக்கிறது.

திருப்பத்தூரில் வாகன மின்சார வேலைக்கு ஒரு பயிற்சி நடக்கிறது. இரண்டு சந்தை தாண்டியதும் போய்ச் சேர்ந்துவிட்டேன். சேர்ந்த பிறகுதான் வீட்டில் சொன்னேன். போன வாரம் முதல் வகுப்பு. அம்மாவையும் மூட்டைகளையும் ஆலங்காயத்தில் இறக்கிவிட்டு, அதே காரில் திருப்பத்தூர் போனேன். நீளமான மேசைமேல் ஓர் ஆல்டர்னேட்டரை வைத்து, யார் முதலில் பிரிப்பது என்று கேட்டார்கள். பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஸ்பானரை எடுத்தேன்.